ஈயம் பூசிய பாத்திரமும் கர்ப்பிணியின் இரத்தக் கொழுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலைப்பிரசவத்துக்காக அம்பாசமுத்திரம் வந்திருக்கும் என் மகளுக்கு ரசம் வைக்க, பழைய பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசத் தெருவில் வந்தவரிடம் கொடுத்தேன். நவச்சாரப் புகை அடங்கியதும் உள்பக்கம் வெள்ளியாய் மின்னியது. ஆனால் உருக்கிய கட்டி வெள்ளீயமா (tin), விலை குறைந்த, நச்சுத்தன்மையுள்ள காரீயம் (lead) கலந்ததா என்பதை அவராலேயே சொல்ல முடியவில்லை. காரீயம் இருந்தால் புளிக்கரைசலில் அது கரைந்து உடலில் சேரும்.

கர்ப்ப காலத்தில் இரத்தக் கொழுப்பு வகைகளான கொலஸ்டிராலும் டிரைகிளிசரைடும் இயல்பாகவே உயர்கின்றன. கருவின் வளர்ச்சிக்கு அது தேவையும்கூட. இரத்தத்தில் காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் மிகும்போது இந்த அளவுகள் மாறுபடுவதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. அந்த உலோகங்கள்தான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. எனினும், பெரியவர்களின் உடலில் சேரும் காரீயத்தில் சுமார் 90 விழுக்காடு எலும்பில் தங்குவதும், கருவுக்காக எலும்பு கால்சியத்தை விடுவிக்கும்போது காரீயமும் சேர்ந்து இரத்தத்தில் இறங்கி, நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைவதும் ஐயத்துக்கு இடமில்லாதவை.

எனவே ஈயம் பூசுவோருக்குத் தரமான வெள்ளீயம் நியாய விலையில் கிடைக்கவும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளிடம் காரீயம் சேர வழியுள்ள பாத்திரம், பழைய பெயின்ட், வீட்டாரின் பேட்டரித் தொழில் பற்றி விசாரித்து, தேவைப்படுவோருக்கு இரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பரிசோதிக்கவும் திருநெல்வேலி மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அந்தப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன். மகளுக்கு இப்போது எவர்சில்வரில்தான் ரசம் கொதிக்கிறது.

– வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்