நடை சாத்தியிருக்கும் மதியத்தைப் பருத்திக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே உங்கள் ஞாயிறு பதிப்பில் தமிழ்நாட்டுக் கோயில் சுற்றுலா விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. திருச்சியில் இறங்கி சமயபுரம், ஸ்ரீரங்கம், பழனி, மதுரை, ராமேஸ்வரம் என்று ஒரே வாரத்தில் ஓட்டி முடித்து, கடைசி நாள் சேலைக் கடையில் இறக்கிவிட்டு, அங்கிருந்தே விமான நிலையத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக் கோயில் ஆட்கள் சேர்ந்து மாசியில் போன பயணமும் அப்படித்தான் போடப்பட்டிருந்தது. விருதுநகர் மாவட்டத்தில் அந்தத் திட்டம் குழம்பியது, அந்தக் குழப்பத்தால்தான் பயணத்திலேயே உருப்படியான ஒரு நாள் எங்களுக்குக் கிடைத்தது. அது தற்செயலாக இல்லாமல் திட்டம் போட்டே எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஏஜெண்டு கொடுத்த தாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு மதியம் ஒரு மணி என்று போட்டிருந்தது. மதுரையிலிருந்து 75 கிலோமீட்டர் வந்து சேர்ந்தால் நடை சாத்திவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பெரிய கோயில்கள் பெரும்பாலும் மதியம் சாத்தினால் சாயங்காலம் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள், இது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. கூட வந்த வழிகாட்டி, வெளியிலேயே கும்பிட்டுவிட்டுக் குற்றாலம் போய்விடலாம் என்றார். பஸ்ஸில் இருந்த வயதான அம்மாக்கள் காலையில் பசியாறாமல் விரதமாக வந்தவர்கள். மார்கழி முப்பது நாளும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருப்பாவை பாடுகிறவர்கள், அதைப் பாடிய ஆண்டாளின் ஊருக்கே வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? நாங்கள் யாரும் அசையவில்லை. அப்போதுதான் ராஜபாளையத்துக்காரரான எங்கள் டிரைவர் தம்பி, "நாலு மணி வரைக்கும் சும்மா உக்காந்து என்னம்மா பண்ணப் போறீங்க, வாங்க, எங்க ஊர்ப் பக்கம் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அங்கிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நூற்பாலைகளின் ஊர், 1936-லேயே அங்கே மில் வந்துவிட்டது. அதை ஒட்டி சத்திரப்பட்டி என்று ஒரு ஊர், அங்கே வீட்டுக்கு வீடு விசைத்தறி, நெய்வது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குச் சுற்றுகிற அதே மெல்லிய வலைத்துணிதான். ஒரு தறிக்கூடத்துக்குள் போனோம், பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்குச் சத்தம். ஒரே பெண் பல தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், நூல் அறுந்த தறி எது என்பதை அவர் கண் தானாகவே தேடிப் போகிறது, நிறுத்தி, இழையை நாக்கு நுனியில் ஈரப்படுத்தி முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட விடுகிறார். துணி வெளுப்பதற்கு முன்னால் பழுப்பாக இருக்கிறது, பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் சொரசொரப்பு. எங்களில் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவே இல்லை.

திரும்பும் வழியில் டிரைவர் ஒரு பருத்திக் காட்டோரம் நிறுத்தினார். கரிசல் மண் நான் முதல் முறையாகப் பார்க்கிறேன். மழைத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் ஐப்பசி மழையை நம்பி விதைத்த பருத்தி அந்த ஈரத்திலேயே மாசி பங்குனி வரை நின்று காய் வெடிக்கும். காய்ந்தால் கால் நுழைகிற மாதிரி வெடிப்பு விடும். பருத்தி எடுக்கிற பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, எடுத்து வந்ததில் கறை பட்டதையும் புழு அரித்ததையும் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் மதியத்தில் எடுக்கவில்லை என்று கேட்டோம்.

"வெயில் ஏறிட்டா இலை நொறுங்கிப் பஞ்சுல ஒட்டிக்கிரும் தாயி. விடியக்காலம் பனி ஈரத்தோட எடுத்தாத்தான் பஞ்சு சுத்தமா இருக்கும்."

எங்களோடு வந்திருந்த, காலமெல்லாம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மா உடனே அதைச் சொன்ன அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "எங்களுக்கும் அதேதான்க்கா, வெயில் வந்துட்டா பால் நின்னுடும், இருட்டுல விளக்கைக் கட்டிக்கிட்டு மரத்துக்குப் போவோம்" என்று சொல்ல, அந்தக்கா கூலி எப்படி என்று கேட்க, இவர் பால் நிறுத்துக் கணக்குப் போட்டதைச் சொல்ல, அவர் இங்கேயும் கிலோ கணக்குதான் என்று சொல்ல, பேச்சு நிற்கவே இல்லை. வெடித்த காயின் காய்ந்த ஓட்டு நுனி முள் மாதிரி குத்தும், அந்த அக்காவின் விரல் நுனியெல்லாம் சின்னச் சின்னக் கீறல், நகத்தோரம் கறுத்திருந்தது. "இப்பவும் வெட்டுறீங்களா?" என்று அவர் கேட்டார். தோட்டமெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆகிவிட்டது, அதில் வேலை செய்வதும் பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்கள், நாங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம் என்றோம். "இங்கயும் பாதிக் காடு மக்காச்சோளம் ஆயிருச்சு தாயி" என்றார். சுற்றிலும் அவ்வளவு மில் இருக்கிறதே என்று நாங்கள் கேட்டதற்கு, மில்லுக்குப் பஞ்சு வடக்கேயிருந்து லாரியில் வருகிறது என்று டிரைவர் சொன்னார். உண்மைதான், தமிழ்நாட்டு ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா மாதிரி மாநிலங்களிலிருந்துதான் வருகிறது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சு புரிகிற அளவுக்கு வேறு எந்தச் சுற்றுலாப் பயணிக்குப் புரியும்? எங்கள் பக்கத்தில் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இருக்கிறது, பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்த விதை. விருதுநகர்ப் பக்கத்திலும் 1900களின் தொடக்கத்தில் கம்போடியாவிலிருந்து பருத்தி விதை கொண்டுவந்து போட்டுப் பார்த்து, அது 'கம்போடியாப் பருத்தி' என்ற பெயரிலேயே அன்றைய சென்னை மாகாணமெங்கும் பரவியிருக்கிறது. நம் ஆட்களைத் தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் கப்பலேற்றிக் கிழக்கே கூட்டிவந்த அதே காலத்தில் கிழக்கேயிருந்து ஒரு விதை அங்கே போயிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய சரித்திரம் இது, பஸ் ஜன்னல் வழியாக யாரும் சொல்லமாட்டார்கள்.

நாலு மணிக்கு நடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனோம். 192 அடி ராஜகோபுரத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் கிளியைப் பற்றிச் சொல்கிறேன். ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியை ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்கிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை. மரவள்ளி என்றதும் எங்கள் அம்மாக்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் அதன் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த குடும்பங்கள் எங்களுடையவை. ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்து புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரை அழகருக்கும் போகிறது. இதையெல்லாம் பட்டர் நிதானமாக நின்று சொன்னார், ஏனென்றால் எங்களுக்கு நேரம் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தால் யார் சொல்வார்கள்?

அதனால் நான் கேட்பது இதுதான். அந்த ஒரு மாவட்டத்துக்கு இரண்டு ராத்திரி கொடுங்கள். காலையிலும் சாயங்காலமும் கோயில், நடை சாத்தியிருக்கிற மதியம் தறியும் காடும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் இருக்கிறாள். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மனை வைத்துக் கும்பிட்ட நாம் அங்கே போகாமல் வருவது எனக்கு மனசு ஆறவில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மட்டும் கூட்டம் தாங்காது, பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் வேறு நாள் பார்க்கலாம். திருச்சுழியில் சுந்தரர் பாடிய சிவன் கோயில், ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊரும் அதுதான். அருப்புக்கோட்டையில் நெசவு, விருதுநகரில் காமராசர் பிறந்த வீடு. வழியில் பருத்திப்பால் கிடைத்தால் விடாதீர்கள், பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து கருப்பட்டி, சுக்கு போட்டுக் காய்ச்சுவது, பயணக் களைப்புக்கு நன்றாக இருக்கும். பால்கோவா எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள்.

கோயில் கமிட்டிகள் பயணம் ஏற்பாடு செய்யும்போது ஏஜெண்டிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கோயில் வாசலில் இருப்போம், நடை எப்போது சாத்துவார்கள், நடுவில் எங்கே போகிறோம். மாசி பங்குனியில் போனால் காய் வெடித்த பருத்தியைப் பார்க்கலாம், மார்கழியில் போனால் ஆண்டாள் கோயிலில் திருப்பாவை கேட்கலாம், எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். காட்டுக்குள் இறங்குவதற்கு முன்னால் காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், வேலை செய்கிறவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். தறிக்கூடத்தில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். இந்த விளம்பரங்களை வாங்கும்போது, ஒவ்வொரு கோயிலுக்கும் பக்கத்தில் போய்ச் சேரும் நேரத்தையும் நடை திறந்திருக்கும் நேரத்தையும் கட்டாயம் போடச் சொல்லுங்கள். எங்கள் கோயிலில் அடுத்த பயணத்துக்குப் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், அதற்குள் இது நடந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்