கிட்டாரோவுக்கு முன்பே இருந்த ஒலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய இசைக்கலைஞர் கிட்டாரோவைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். 1980இல் என்.எச்.கே. தொலைக்காட்சி தொடங்கிய பட்டுப்பாதை ஆவணத் தொடருக்கு அவர் அமைத்த இசை முதல் 2001இல் பெற்ற கிராமி விருது வரை கட்டுரையாளர் பொறுமையாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் இளமையில் வாசித்த 'ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்ட்' என்னும் ப்ரோக்ரெசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) குழுவை ஒரே வரியில் கடந்துவிட்டு, அந்த ஒரு வரியிலும், ராக் இரைச்சலை உதறிய பின்னரே அவருக்கு அமைதியான இசை கைகூடியது என்று பொருள்படச் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

அந்தக் குழு கிட்டாரோவின் குழு அன்று. அதை நடத்தியவர் பாடகரும் கிதார் கலைஞருமான ஃபுமியோ மியாஷிதா. 1973இல் 'ஃபார் அவுட்' என்ற பெயரில் அவர் வெளியிட்ட இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாடல்கள் இருந்தன. அவசரமே இல்லாமல் விரியும் அந்த நிதானம்தான் பின்னர் உருவான குழுவுக்கும் அடித்தளமாயிற்று. மசானோரி தகாஹாஷி என்ற இயற்பெயர் கொண்ட கிட்டாரோ (நீண்ட கூந்தலைக் கண்டு நண்பர்கள் ஒரு சித்திரக்கதை நாயகனின் பெயரைச் சூட்டிவிட்டார்களாம்) அங்கே இருந்த இரு கீபோர்டு கலைஞர்களுள் ஒருவர். மற்றவர் அகிரா இட்டோ.

ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்ட் என்ற பெயரில் 1975இல் வந்த முதல் இசைத்தட்டைக் கேட்பவர்கள் இவர்களை, பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டை நினைத்து, 'ஜப்பானின் பிங்க் ஃப்ளாய்ட்' என்று அழைத்ததில் வியப்பில்லை. மெதுவாக ஏறி இறங்கும் கிதாரும் எதிரொலியில் மிதக்கும் குரலும் அந்த ஒப்பீட்டைத் தாமே வரவழைக்கின்றன. எனினும் ஐரோப்பா சென்ற குழுவினர் ஜெர்மானிய மின்னணு இசைக்கலைஞர் கிளவுஸ் ஷுல்ட்சேயைச் சந்தித்த பிறகு அந்த ஒப்பீடு பொருந்தாமல் போகிறது. 'டேஞ்சரின் ட்ரீம்' என்னும் ஜெர்மானியக் குழுவின் 1970ஆம் ஆண்டு இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவரான ஷுல்ட்சே, பின்னர் மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் கருவியின் பக்கம் முழுமையாகத் திரும்பியவர். முதலில் இவர்களுடைய 'நிப்பொன்ஜின்' இசைத்தட்டுக்கு ஒலிக்கலவை செய்தார். அதைப் புதுப் படைப்பு என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு, ஏனெனில் அதில் இருப்பவை முந்தைய பாடல்களே. அதன்பின் இங்கிலாந்தின் மேனர் ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர் தயாரிப்பில் உருவான 'பேரலல் வேர்ல்ட்'தான் குழுவின் உச்சம் என்பது என் துணிபு.

அந்த இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிரப்பும் ஏறத்தாழ 30 நிமிடத் தலைப்புப் பாடலை ஒருமுறை கேட்டவர், இரைச்சலை விட்டு அமைதிக்கு வந்தவர் என்ற கதையை மறுபடி சொல்லமாட்டார். தாளம் பின்னணியில் விடாமல் நடக்க, அதன்மேல் சிந்தசைசர் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கரைந்து, மீண்டும் எழுகின்றன. கிட்டாரோவின் தனி இசைத்தட்டுகளை ஒலிநாடாவில் கேட்டு வளர்ந்த நான் பல ஆண்டுகள் கழித்தே இதைக் கேட்டேன். பழகிய அந்த நீண்ட ஒலிப்பரப்பு இங்கே ஏற்கெனவே இருப்பதையும், ஆனால் இதில் டிரம்ஸின் அழுத்தமும் ஒருவகைப் பதற்றமும் கூடியிருப்பதையும் கண்டு திகைத்தேன். கிட்டாரோ பின்னாளில் அந்தப் பதற்றத்தை நீக்கினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அது இழப்பில்லாத மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். இனிமை கூடியபோது ஆபத்து போய்விட்டது.

கிட்டாரோவும் இட்டோவும் விலகிய பின் 1977இல் 'தென்கூஜின்' என்ற இசைத்தட்டை வெளியிட்டதோடு குழுவின் பயணம் நின்றது. இரண்டே ஆண்டுகளில் நான்கு இசைத்தட்டுகள். இட்டோ தனியாக மின்னணு இசை படைத்தார். மியாஷிதா நோய் தணிக்கும் இசையில் ஈடுபட்டு 2003இல் காலமானார். ஒரே குழுவிலிருந்து மூவர் ஒரே திசையில் சென்றிருக்கும்போது, அந்த அமைதியை ஒருவருடைய தனிக் கண்டுபிடிப்பாக எழுதுவது எப்படிச் சரியாகும்?

கட்டுரையில் 'பேரலல் வேர்ல்ட்' வெளியான ஆண்டு 1978 என்று அச்சாகியிருக்கிறது. 1976 என்பதே சரி. கிட்டாரோவின் முதல் தனி இசைத்தட்டு வந்த ஆண்டுதான் 1978. இதையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மதுரை.