பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் சோறு

சத்துணவுத் திட்டத்தைக் கவனிக்கும் அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தின் மானாவாரிக் கிராமங்களுக்கு நடுவே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மதிய இடைவேளைக்குப் பிந்தைய முதல் பாடவேளை பெரும்பாலும் எனக்கே வாய்க்கும். பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் மேசையில் தலை சாய்த்துக் கிடப்பார்கள். உண்ட மயக்கம் என்றே சில ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஒருநாள் ஒருவனை எழுப்பி, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தேன் ஐயா" என்றான். அவன் வீடு ஏழு கிலோமீட்டர் தள்ளி. மதியத்தில் அந்தத் தடத்தில் பஸ் கிடையாது.

அவன் தம்பி அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. தம்பிக்குச் சோறும் முட்டையும் உண்டு, அண்ணனுக்கு இல்லை. முந்தைய ஏப்ரல் வரை அண்ணனும் அதே வரிசையில் தட்டோடு நின்றவன்தான். சமையலம்மாவுக்கு எல்லாம் தெரியும். தம்பியின் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழும். முட்டை மட்டும் வருகைப் பதிவேட்டுக் கணக்கு. அதில் அவர் என்ன செய்ய முடியும்?

1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் 1984-இல் பதினைந்து வயது வரை நீண்டு, அங்கேயே நின்றுவிட்டது. 2022-இல் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு வந்தது, மனமார மகிழ்ந்தேன். கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். இடையில் கிடக்கும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டினால்தானே அந்த ஆயிரம்? பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி கொடுக்கிறீர்கள். மிதிக்கத் தெம்பு வேண்டாமா?

எங்கள் பக்கம் பதினாறு வயது என்றால் கூலிக்கு ஆள் தேடி வரும் வயது. பிப்ரவரி, மார்ச்சில் மிளகாய்ப் பழம் பறிப்பு, பொதுத்தேர்வும் அப்போதுதான். மற்ற நாள்களில் சீமைக்கருவேலம் வெட்டலாம், கரிமூட்டத்தில் நிற்கலாம். அங்கே போனால் கையில் காசு, நடுவில் டீயும் வடையும். பள்ளிக்கு வந்தால் மாலை வரை குழாய்த் தண்ணீர். அந்தப் பையன் டிசம்பருக்குப் பிறகு வரவில்லை. அவன் போட்ட கணக்கு நான் நடத்திய பொருளியலைவிடத் தெளிவானது.

புதிதாகக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பள்ளியைப் போல ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்களில் சமையல்கூடம் ஏற்கெனவே இருக்கிறது. அரிசி, பருப்பு, முட்டை கூடுதலாக வேண்டும். சமையலம்மாவுக்கு உதவியாக இன்னோர் ஆள் வேண்டும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வறியவர் பட்டியல் என்று ஒன்றைத் தயாரித்துவிடாதீர்கள். பதினேழு வயதுப் பெண் பட்டினி கிடந்தாலும் கிடப்பாளே தவிர, அப்படியொரு பட்டியலில் பெயர் கொடுக்க மாட்டாள். வேண்டியவர் யாராக இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் வருகைக் கணக்கும் சமையல்கூடத்துக்குப் போகட்டும். அதையும் சேர்த்து முட்டைகளை எண்ணி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் ஒருவர்