பட்டை விழுந்தால் போலியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் வீட்டு அலங்காரப் பக்கத்தில் பழைய துருக்கிக் கம்பளங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படங்கள் அழகு. ஆனால் நிறம் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது போலி என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் இதே பேச்சை நம்பி நானே ஏமாறப் பார்த்தேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பெரேயா பகுதியில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா வாங்கி வந்த சின்னக் கம்பளம் எங்கள் சாட்ஸ்வர்த் வீட்டில் இருக்கிறது. நடுவில் விளக்கு மாடம் போல ஒரு வளைவு, உள்ளே செங்கல் சிவப்பு. அந்தச் சிவப்பு பாதியில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிறி, அப்புறம் மறுபடி கருஞ்சிவப்பாகிறது. டர்பனில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். வெளிறிய இடத்தில் விரலை வைத்து, சாயம் போன சரக்கு என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள்.

சாயம் போகவில்லை. இதற்கு அப்ராஷ் என்று பெயரே உண்டு. கிராமங்களில் மஞ்சிட்டி இனத்து வேரில் சிவப்பும் அவுரியில் நீலமும் காய்ச்சி, கம்பளி நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக முக்கி எடுத்தார்கள். ஒரு ஈடு நூல் பாதியில் தீர்ந்து அடுத்த ஈட்டை எடுத்தால் நிறம் சற்று மாறத்தானே செய்யும்? அதனால்தான் பட்டை எப்போதும் ஊடை ஓடும் திசையில், குறுக்காக விழுகிறது. சந்தேகமா, கம்பளத்தின் முடியை விரலால் பிளந்து பாருங்கள்: அடியில் பளிச்சென்றும் நுனியில் வெளுத்தும் இருந்தால் வெயிலில் போன சாயம். எங்களுடையது அடி முதல் நுனி வரை ஒரே நிறம். 1856-இல் செயற்கைச் சாயம் வந்த பிறகு துருக்கியிலும் அது புகுந்தது, வெளுப்பதும் தண்ணீர் பட்டால் ஒழுகுவதும் அந்த ஆரம்பகாலச் சாயங்களில்தான் அதிகம். அதற்காகச் சீரான நிறமெல்லாம் மட்டம் என்று சொல்ல வரவில்லை, துருக்கியின் ஹெரெக்கே ஊரில் நெய்த பட்டுக் கம்பளங்கள் சீராகத்தான் இருக்கும்.

அந்த மாடத்தைப் பார்த்ததுமே அடுத்த வீட்டு முஸ்லிம் அத்தை, மசூதிச் சுவரில் தொழும் திசையைக் காட்டும் மாடம்தான் இது, இது தொழுகை விரிப்பு, மிதிக்காதீர்கள் என்றார். அன்றிலிருந்து அம்மா அதைப் பெட்டிமேல்தான் விரிக்கிறார். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் துருக்கிக் கம்பளங்களைப் பெரும்பாலும் மேசைமேல்தான் போட்டார்கள், ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஓரக் குஞ்சம் நைந்திருந்தால் வெட்டிவிடலாம் என்றும் போட்டிருக்கிறீர்கள். ஐயா, அது தைத்து வைத்த அலங்காரம் இல்லை, நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நுனியே அதுதான். வெட்டினால் ஓரத்து முடிச்சு ஒவ்வொன்றாகக் கழன்றுவரும். அந்த வரியையாவது சீக்கிரம் திருத்திப் போடுங்கள், என் தங்கை உங்கள் பக்கத்தையும் கத்தரிக்கோலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்