டிஸ்க் மேல் மட்டும் பழி எதற்கு?

ஐயா,

ஞாயிறு இணைப்பில் இடுப்பு வலி பற்றிய கட்டுரை படித்தேன். கூடவே வந்த படத்தில் தண்டுவடம் வால் எலும்பு வரைக்கும் இறங்குகிறது! முப்பது வருடம் உடற்கூறியல் நடத்தியவனுக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரைவால் மாதிரி நரம்புக் கற்றைதான்.

கால் குடைச்சல் என்றாலே முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்தான் காரணம் என்கிறது கட்டுரை. எனக்கு வயது 68. மார்க்கெட்டுக்கு நடந்தால் பாதி வழியில் இரண்டு காலும் கனத்து மரத்துவிடும். மதகில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரி. அதே தூரத்தைச் சைக்கிளில் போனால் ஒன்றும் செய்யாது. முதலில் பார்த்த டாக்டர், காலில் ரத்தக்குழாய் அடைப்போ என்று சந்தேகப்பட்டார். அடைப்பென்றால் சைக்கிள் மிதித்தாலும் வலிக்குமே! எம்.ஆர்.ஐ. எடுத்தால், தண்டுவடக் கால்வாயின் பின்சுவரில் இருக்கும் லிகமென்டம் ஃப்ளேவம் என்ற மஞ்சள் நார் தடித்துக் கிடக்கிறது. ரப்பர் போன்ற எலாஸ்டின்தான் அதில் பெரும்பகுதி, மஞ்சள் நிறமும் அதனால்தான். குனிந்தால் இழுபட்டு மெலியும், நிமிர்ந்தால் உள்பக்கம் புடைத்து நரம்புகளை நெரிக்கும். ஹேண்டில்பார் மேல் குனிந்தவனுக்கு வலிக்காத ரகசியம் இதுதான்.

அதே இடுக்கில் சிரைகளும் வலைபோல் ஓடுகின்றன. கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் யோக்கியன் இல்லை. சடலத்தில் அவை ரத்தமின்றிச் சப்பையாகக் கிடக்கும்; "கொழுப்போடு சேர்த்து வழித்துவிடுங்கள்" என்று மாணவர்களிடம் சொன்னவன்தான். ஆனால் உயிருள்ளவரிடம் கதை வேறு. வால்வு இல்லாத சிரைகள் என்பதால் இருமினாலும் முக்கினாலும் ரத்தம் அங்கே ஏறும். முதுகு அறுவை சிகிச்சையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து வயிறு அமுங்காமல் தொங்கவிடுவது, அந்தச் சிரைகளில் ரத்தம் ஏறாமல் இருப்பதற்காகவே. புராஸ்டேட் புற்றுநோய் நுரையீரலைத் தொடாமல் முதுகெலும்பில் போய் உட்கார இந்தப் பாதையும் ஒரு காரணமாகலாம் என்று 1940-ல் அமெரிக்காவின் ஆஸ்கர் பேட்சன் எழுதினார்.

இதையெல்லாம் போட இடமில்லை என்றால் போகட்டும். அந்தப் படத்தையாவது அடுத்த வாரம் திருத்திப் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை வெட்டி பள்ளி நோட்டில் ஒட்டிவிட்டான்.

– ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர், தஞ்சாவூர்