ட்ரெட்மில் வேண்டாம் அக்கா, சைக்கிளை எடு

அன்புள்ள அக்காவுக்கு,

ட்ரெட்மில் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அக்கா. வீட்டில் கிடக்கும் சைக்கிளை ஓவராயில் பண்ணு, மீதிப் பணம் பாங்கிலேயே இருக்கட்டும். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். முட்டிவலி, சர்க்கரை, எடை மூன்றும் ஒன்றாக வந்து நிற்கிற வயதில் நம் தெருவிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உன் சம்மதத்தோடு இதைப் பொதுவில் போடுகிறேன்.

முதலில் முட்டி. நடந்தால் வலிக்கிறது, நடக்காவிட்டால் எடை ஏறுகிறது, எடை ஏறினால் வலி இன்னும் கூடுகிறது. நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் முட்டியில் இறங்குகிறது. ட்ரெட்மில்லில் நடந்தாலும் அதே பாரம்தான். சைக்கிளில் உடம்பைச் சீட் தாங்கிக்கொள்கிறது. சமதளத்தில் நிதானமாக மிதித்தால் முட்டிக்கு வருவது ஏறக்குறைய ஒரு மடங்கோடு நின்றுவிடும். உழைப்பதெல்லாம் தொடைத் தசை. அது வலுத்தால் முட்டியையும் அதுவே தாங்கிப் பிடிக்கும்.

பாப்பா பதினொன்றாம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்குக் கீழேதானே நிற்கிறது? அதுவே போதும். கியர் வைத்த வண்டியெல்லாம் உனக்குத் தேவையில்லை. நடுவில் பார் இல்லாததால் சேலையோடும் ஏறி இறங்கலாம். இத்தனை வருஷம் சும்மா நின்றதில் டயரும் டியூபும் வெடித்திருக்கும், இரண்டையும் மாற்றிவிடு. பிரேக் கட்டைகளையும் புதிதாகப் போடச் சொல்.

சீட் உயரத்தில் மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதே. பொம்பளை ஓட்டுகிற வண்டி என்றதும் இரண்டு காலும் தரையில் பதியட்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். அப்படி ஓட்டினால் முட்டி மடங்கியே கிடந்து முன்பக்கம் வலி எடுக்கும். பிறகு "சைக்கிள் ஓட்டித்தான் முட்டி போச்சு" என்று ஊர் பேசும். நீ இப்படிச் செய். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார். ஒரு பெடலை அடியில் கொண்டுவந்து, குதிகாலை அதன் மேல் வை. கால் வளையாமல் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட் போல்ட்டை முடுக்கச் சொல். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால்தான் மிதிப்பாய், அப்போது முட்டியில் இலேசாக ஒரு மடிப்பு இருக்கும். அதுதான் சரியான அளவு. முட்டிக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தால் சீட் ஏறிவிட்டது என்று அர்த்தம், அரை விரல் இறக்கு. இந்த உயரத்தில் நிற்கும்போது கால்விரல் நுனிதான் தரையைத் தொடும். அதனால் பிரேக் பிடித்ததும் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகு. பயமாக இருந்தால் முதல் சில நாள் தாழ்த்தி வைத்துக்கொண்டு, கை பழகியதும் ஏற்று.

இனி எடைக் கணக்கு. பூசி மெழுகாமல் சொல்கிறேன். நீ 78 கிலோ இருக்கிறாய். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் ஓட்டினால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக 280 கலோரி போலச் செலவாகும். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 1,400. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். ஆக, சாப்பாட்டில் கை வைக்காமல் சைக்கிளை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய ஐந்தரை வாரம் ஆகும். ஓட்டிவிட்டு வந்த பசியில் இரண்டு மெதுவடை கூடுதலாகப் போனால் அன்றைய உழைப்பு கிட்டத்தட்ட அதோடு சரி. பலபேர் மூன்றாவது மாதம் "ஒன்றும் குறையவில்லை" என்று சைக்கிளை ஓரங்கட்டுவது இதனால்தான்.

ஓட்டுவதோடு சாப்பாட்டிலும் நாளுக்கு 250 கலோரி குறைத்துப் பார். வாரத்துக்கு 1,750 அதில் வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு இரண்டரை வாரம்தான். அந்த 250-க்காக நீ பட்டினி கிடக்க வேண்டாம். தோசைக்கும் தாளிப்புக்கும் விடும் எண்ணெயில் 15 மில்லி குறைந்தாலே 120 கலோரிக்கு மேல் போய்விடும். மாலை டீயோடு அள்ளும் ஒரு கைப்பிடி மிக்சரை நிறுத்தினால் மீதியும் சரியாகிவிடும். மத்தியானம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ ஒரு முட்டையோ வைத்துக்கொள். எடை இறங்கும்போது தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும். டாக்டர் சொன்ன பத்து கிலோவுக்கு ஆறேழு மாதம் ஆகும். நடுவில் எடை அசையாமல் நிற்கும் வாரங்களும் வரும் என்பதால் எட்டு மாதம் என்றே மனதில் வைத்துக்கொள்.

தொடக்கத்தில் எடை மெஷின் உன்னைக் கலங்க வைக்கும். பழக்கமில்லாத தசை வேலை செய்யத் தொடங்கியதும் மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமிக்கும், அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீரையும் சேர்த்தே பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே கொழுப்பு குறைந்துகொண்டிருக்க, மெஷினில் அரை கிலோ ஏறியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. மெஷின் முள் அசைவதற்கு முன்னால் ரவிக்கைதான் காட்டிக்கொடுத்தது. இடம் போதாமல் பிரித்துவிட்டிருந்த உள் தையலை டெய்லர் மறுபடி பிடித்துக் கொடுத்தார். அதனால் தினம் மெஷினில் ஏறாதே. வாரம் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் ஏறு, அன்றைக்கே தையல் டேப்பால் இடுப்பையும் அள. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் சுற்ற வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், எல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு கொழுப்பு வயிற்றில்தான் போய்ச் சேர்கிறது, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் தூண்டுகோல் அதுதான். அந்த அங்குலங்கள் குறைவதைத்தான் நான் எடையைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

"இந்த வயசுல சைக்கிளா, நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா" என்றும் கேட்டாய். அதை நீ கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்ததே, அப்போது ஊர் சிரிக்கவில்லையா? கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். கல்குவாரி வேலைக்குப் போனவர்கள், களை பறிக்கப் போனவர்கள், அங்கன்வாடி டீச்சர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. நீ வாடகை சைக்கிள் எடுத்துவந்து, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னை அந்தப் பாரில் உட்கார வைத்து ஓட்டினாய். கம்பி உறுத்தாமல் இருக்க உன் துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தாய். டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த பேச்சு எட்டு வயதுப் பிள்ளை எனக்கே புரிந்தது. நீ பெல்லை அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாய். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தச் சைக்கிள் உன் கையை விட்டுப் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. இப்போது உடம்பே அதைத் திரும்பக் கேட்கிறது. நீ ஓட்ட வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு உன் சர்க்கரை பாதிக் காரணம்தான்.

வேகம் முக்கியமில்லை. ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அவ்வளவுதான் அளவு. முதல் வாரம் பதினைந்து நிமிஷம் போதும், வாரத்துக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டு. திருச்சியில் நான் தென்னூர் மேம்பாலத்தை ஆரம்பத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடப்பேன், இப்போது பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏறுகிறேன். பங்குனி, சித்திரையில் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்ட முடியாத நாளில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வதைப் பத்துப் பத்தாகச் செய். ஓட்டுகிற நாளிலும் இதை விடாதே. சைக்கிளில் உடல் பாரம் எலும்பில் இறங்காததால் எலும்பு வலுப்பதற்கு அது மட்டும் போதாது.

சர்க்கரை பற்றி ஒன்று. மிதிக்கும் தசை இன்சுலின் துணையில்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஓட்டி முடித்த பிறகும் ஒரு நாளாவது இருக்கும், அதனால் தொடர்ந்து இரண்டு நாள் விட்டுவிடாதே. ஆனால் உன் மாத்திரையில் கிளிமிப்ரைடு வகை இருந்தால் ஓட்டும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, கண் இருட்டினாலோ உடனே நிறுத்தி உட்கார். இடுப்பில் செருகிய பர்சில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தம் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொடங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் சைக்கிள் ஓட்டப்போவதைச் சொல்லி, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள். மாத்திரை அட்டையை இன்றைக்கே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பின்பக்கம் மருந்தின் பெயர் தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
உன் தங்கை