பழுதான இயந்திரமும் பறிபோன வேலையும்: கல்வி அமைச்சருக்கு ஒரு தாயின் திறந்த மடல்

மொரீஷியஸ், மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகன் படிக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சிஎன்சி இயந்திரம், அதாவது கணினி இயக்கத்தில் உலோகத்தை வெட்டிச் செதுக்கும் இயந்திரம், பழுதாகிக் கிடப்பது பற்றிப் பெற்றோர்கள் எழுதிய கடிதங்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, அதனால் பழைய கதையை விட்டுவிடுகிறேன். போன வாரம் மருத்துவக் கருவிகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் என் மகனை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறான். அப்புறம் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி ஓட்டிக் காட்டச் சொன்னதும் கை வரவில்லை, அனுப்பிவிட்டார்கள்.

எப்படி வரும்? அவன் நோட்டைப் பாருங்கள் ஐயா. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு அந்த இயந்திரத்தின் பட்டன்களை வரைந்து, சிவப்புப் பேனாவால் நிறுத்தும் பட்டனுக்கு வண்ணம் தீட்டி வைத்திருக்கிறான். ராத்திரி அந்தக் காகிதத்தைத்தான் விரலால் அழுத்திப் பழகினான், தேய்ந்து தேய்ந்து மை கலைந்து கிடக்கிறது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. தயவுசெய்து அந்த இயந்திரத்தைப் பழுதுபார்த்துக் கொடுங்கள்.

1968இல் சுதந்திரம் வந்தபோது நம் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு 90க்கும் மேல் சர்க்கரைதான். 1974-75இல் சர்க்கரை விலை ஏறி அரசாங்கத்தின் கையில் காசு வந்தது, 1975 மே மாதம் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், இரண்டும் சேர்ந்துதான் 1977இல் இடைநிலைக் கல்வி இலவசமானது. கரும்புத் தோட்டத்துக் கூலியின் மகளான நான் அதனால்தான் படித்தேன். படித்ததால் புல்லோவர் தொழிற்சாலையில் ஆர்டர் தாளை வாசித்துச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. ஏற்றுமதிக் காசு எங்களைப் படிக்க வைத்தது, படித்த நாங்கள் ஏற்றுமதியை வளர்த்தோம். 2005 பிறந்ததும் உலகத் துணி வாணிபத்தில் ஒரு நாடு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டா போய்விட்டது, எங்கள் தொழிற்சாலையும் மூடிவிட்டது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் நாடுகளோடு இனி நாம் விலையில் போட்டி போட முடியாது, கைத்திறனில்தான் முடியும்.

சுவிட்சர்லாந்தில் மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் தொழிற்கல்விக்குப் போகிறார்கள், வாரத்தில் சில நாள் பள்ளி, மீதி நாள் தொழிற்சாலையில் நிஜமான இயந்திரத்தோடு. அந்த நாட்டின் கடிகாரத்தையும் மருந்தையும் உலகமே வாங்குகிறது. அது பணக்கார நாடு என்பீர்கள். 1977இல் நாம் மட்டும் பணக்காரர்களா?

இங்கே ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்ஏசி தேர்வில் தேறாத பிள்ளை என்றால் தொழிற்பயிற்சிக்குத் தள்ளு என்று ஒரு நினைப்பு. நல்ல மார்க் வாங்கும் பிள்ளைக்கு ட்யூஷன் மேல் ட்யூஷன், கையால் வேலை கற்கும் பிள்ளைக்குப் பழுதான இயந்திரம். திறமையான ஆள் இல்லை என்று முதலாளிகள் வங்கதேசத்திலிருந்து ஆள் எடுக்கிறார்கள். குடும்பத்தை விட்டு வரும் அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் பிள்ளைகளைத் தயார் செய்யாமல் விட்டவர்கள் மேல்தான் கோபம்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தவணை முடிவதற்குள் அந்த இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆள் அனுப்புங்கள். அதுவரை பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாவது ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பழக ஏற்பாடு செய்யுங்கள். எந்தத் தேதிக்குள் நடக்கும் என்று எழுத்தில் ஒரு பதில் தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
வாக்வாவிலிருந்து ஒரு தாய்